தூக்கத்தில் அறுந்துபோகும் மூச்சும் இதயமும்: கிளினிக் வரிசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மலையகத்து வைத்தியசாலை ஒன்றின் இருதய கிளினிக்கில் தாதியாகப் பணியாற்றுகிறேன். வரிசையில் வருகிறவர்களின் இரத்த அழுத்தத்தைப் பார்த்துக் கொப்பியில் குறிக்கும் அந்தச் சில நிமிடங்களில் என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையே இங்கே தொகுத்திருக்கிறேன். இவற்றில் பெரும்பாலானவை நோயாளியிடமிருந்து வந்தவை அல்ல. கூட வந்த மனைவியோ மகளோ கேட்டவை. லயத்து வீட்டில் ஒரே காம்பராவில் நாலைந்து பேர் படுக்கும்போது, மூச்சு நிற்பதை அறியாதவர் தூங்குகிறவர் ஒருவர் மட்டுமே. மற்றவர்கள் எல்லோரும் அதைக் கேட்டுக்கொண்டு விழித்திருக்கிறார்கள்.

கேள்விகளைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன். பதில்கள் பொதுவான விளக்கங்களே. எந்த மாத்திரையையும் கூட்டுவதும் குறைப்பதும் நிறுத்துவதும் உங்களைப் பார்க்கும் வைத்தியரின் முடிவாக இருக்க வேண்டும்.

அவரு படுத்த ஒடனே கொறட்டை விட்டுத் தூங்கிடுறாரு மிஸ். அது நல்ல தூக்கம்தானே?

தூங்கும்போது தொண்டையின் தசைகள் தளர்கின்றன. ஒடுங்கிய அந்த வழியால் காற்று நெருக்கியடித்துப் போகும்போது அங்குள்ள மென்மையான சதை அதிர்வதால் எழும் ஓசையே குறட்டை. குறட்டை விடும் எல்லோருக்கும் நோய் இருப்பதில்லை என்றாலும், குறட்டையை ஆழ்ந்த தூக்கத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்வது தவறு.

கவனிக்க வேண்டியது அந்த ஓசை நடுவில் அறுந்துபோகிறதா என்பதைத்தான். உச்சத்துக்குப் போன குறட்டை சட்டென்று அடங்கி, நெஞ்சும் வயிறும் மட்டும் மூச்சுக்காக இழுத்துக்கொண்டிருக்க, சிறிது நேரம் கழித்து ஒரு பெரிய திணறலோடு மூச்சு திரும்பினால், அந்த அமைதியான இடைவெளியில் தொண்டை மூடிக்கிடந்தது என்று பொருள். 10 விநாடிகளோ அதற்கு மேலோ நீடிக்கும் இத்தகைய நிறுத்தங்கள் இரவு முழுவதும் திரும்பத் திரும்ப வருவதைத்தான் வைத்தியர்கள் ‘ஸ்லீப் அப்னியா’ என்கிறார்கள். இங்கே அதைத் தூக்க மூச்சுத்தடை என்று எழுதுகிறேன். காலையில் தலைவலி, வாய் வறட்சி, எட்டு மணி நேரம் படுத்தும் தீராத அசதி, உட்கார்ந்த இடத்தில் கண் அயர்தல் ஆகியவை பகலில் தெரியும் அறிகுறிகள்.

மூச்சு நின்னுட்டா ஆள் எப்பிடித் திரும்பி வாராரு? நான் ராவெல்லாம் முழிச்சிருந்து தட்டி எழுப்பணுமா?

வேண்டியதில்லை. இரத்தத்தில் ஒட்சிசன் குறைந்து காபனீரொட்சைட்டு கூடுவதை மூளை உணர்ந்து, சில விநாடிகளுக்கு அவரை அரைகுறையாக எழுப்பிவிடுகிறது. தொண்டைத் தசைகள் இறுகி வழி திறக்கிறது. அவர் மறுபடியும் தூங்கிப்போகிறார். தான் விழித்ததே காலையில் அவருக்கு நினைவிருக்காது. கடுமையான நிலையில் இது மணிக்கு 30 தடவைக்கும் மேல் நடப்பதால், உயிரைக் காக்கும் அந்த விழிப்பே தூக்கத்தைத் துண்டு துண்டாக நறுக்கிவிடுகிறது.

கொறட்டை தொண்டையில வாரது. நெஞ்சுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்பட்ட கேள்வி இது. விளக்கமும் சற்று நீளமானது. தூக்கம் என்பது இதயத்துக்குக் கிடைக்கும் ஓய்வு. நலமான ஒருவருக்கு இரவில் நாடி மெதுவாகி, இரத்த அழுத்தம் பகலில் இருப்பதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை இறங்குகிறது. மூச்சுத்தடை உள்ளவருக்கு இந்த ஓய்வு கிடைப்பதில்லை. ஒவ்வொரு தடையின் முடிவிலும், மேலே சொன்ன விழிப்பின்போது, ஆபத்தில் சுரக்கும் அட்ரினலின் போன்ற ஓமோன்கள் பாய்கின்றன; இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன; அழுத்தம் திடீரென்று ஏறுகிறது. அட்டையைக் கண்டு திடுக்கிடும்போது நெஞ்சு அடித்துக்கொள்வதைப் போன்ற ஒன்று, ஓர் இரவில் நூறு தடவைக்கு மேலும் உடலுக்குள் நடந்துவிடுகிறது.

இரண்டாவது காரணம் இழுவிசை. மூடிய தொண்டைக்கு எதிராக நெஞ்சு காற்றை இழுக்கும்போது நெஞ்சறைக்குள் அழுத்தம் மிகவும் குறைகிறது. மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு மூச்சை உள்ளே இழுத்துப் பார்த்தால் அந்த இழுவை உங்களுக்கே புரியும். நெஞ்சறைக்குள் இருக்கும் இதயத்தின் மெல்லிய மேலறைகள் அந்த இழுவையால் விரிகின்றன. இடது கீழறையோ உடலுக்கு இரத்தத்தைத் தள்ள வழக்கத்தைவிடக் கூடுதலாக உழைக்க வேண்டியிருக்கிறது. அதுவும் இதயத்தசைக்கு ஒட்சிசன் மிகக் குறைவாகக் கிடைக்கும் நேரத்தில் இப்படி நடக்கிறது.

மூன்றாவதாக, ஒட்சிசன் இறங்குவதும் ஏறுவதுமாக இருப்பது இரத்தக் குழாய்களின் உட்சுவரில் அழற்சியை உண்டாக்குகிறது. அது கொழுப்புப் படிவுக்கு இடம் கொடுக்கிறது. ஒட்சிசன் குறையும்போது சுவாசப்பையின் இரத்தக் குழாய்கள் சுருங்குவதால், அவற்றுக்கு இரத்தம் அனுப்பும் இதயத்தின் வலப்பக்கத்துக்கும் பாரம் கூடுகிறது. உயர் இரத்த அழுத்தம், சீரற்ற நாடி, இதயச் செயலிழப்பு, மாரடைப்பு, பாரிசவாதம் ஆகியவற்றோடு இந்த நோய் தொடர்புபட்டிருப்பது இந்தப் பாதைகளால்தான்.

மூணு வகை பிரசர் மாத்திரை போட்டும் கொறையல. இதனாலயா இருக்கும்?

இருக்கக்கூடும். நீரிறக்கும் மாத்திரை உட்பட மூன்று மருந்துகளை ஒழுங்காக எடுத்தும் அழுத்தம் இறங்காதவர்களிடம் தூக்க மூச்சுத்தடை மிகப் பரவலாகக் காணப்படுகிறது. மாத்திரையை ஒழுங்காகப் போடுகிறாரா, உப்பு அதிகமா, சிறுநீரகம் நலமா என்று பார்க்கும்போது, “இரவில் மூச்சு நிற்கிறதா” என்ற கேள்வியும் கூடவே கேட்கப்பட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கிளினிக்கில் பகலில் பார்க்கும் ஓர் அளவீடு இரவில் நடப்பதைக் காட்டாது. இரவிலும் இறங்காத அழுத்தம்தான் இதயத்தையும் மூளையையும் அதிகம் பாதிக்கிறது.

மூச்சுத்தடைக்குச் சிகிச்சை செய்தால் இரத்த அழுத்தம் சராசரியாக 2 முதல் 3 மில்லிமீற்றர் அளவே குறைகிறது. மருந்துக்கு அடங்காதவர்களிடம் இதைவிடச் சற்று அதிகமாகக் குறையலாம். ஆகவே, தூங்கும்போது தொண்டை மூடாமல் காற்றைச் செலுத்தும் சிகிச்சை இயந்திரம் (அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்) கிடைத்துவிட்டது என்று மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ராத்திரியில மூணு நாலு தடவை வெளிய போக எந்திரிக்கிறாரு. அது சீனி வருத்தம்தானே?

சீனி வருத்தமும், ஆண்களுக்கு உள்ள புரஸ்தாதச் (புரொஸ்டேட்) சுரப்பியின் வீக்கமும் காரணமாகலாம். அவற்றை முதலில் சோதிக்க வேண்டும். ஆனால் மேலறைகள் விரிவதாக முன்பு சொன்னேன் அல்லவா? அப்படி விரியும் மேலறை, உடலில் நீர் அதிகமாகிவிட்டது என்று தவறாகப் புரிந்துகொண்டு, சிறுநீரைப் பெருக்கும் ஓமோன் ஒன்றைச் சுரக்கிறது. நள்ளிரவில் லயத்துக்கு வெளியே உள்ள மலசலகூடத்துக்குக் குளிரிலும் இருட்டிலும் படியிறங்கிப் போகிற வயதானவருக்கு அது விழுந்து எலும்பு முறியும் ஆபத்தும் கூட. சீனி கட்டுப்பாட்டில் இருந்தும் இப்படி எழுந்தால் மூச்சைக் கவனியுங்கள்.

நாடி ஒழுங்கா அடிக்கலன்னு ஈசிஜி எடுத்துட்டுச் சொன்னாங்க. அதுவும் இதோட சேர்ந்ததா?

இதயத்தின் மேலறைகள் ஒழுங்கின்றித் துடிக்கும் நிலையை ‘ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்’ என்கிறார்கள். இரவுக்கு இரவு இழுபட்டு விரியும் மேலறையில் மின்னோட்டம் தடுமாறுவதால் இது மூச்சுத்தடை உள்ளவர்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. மூச்சுத்தடையைக் கவனிக்காமல் விட்டவர்களுக்கு, மின்னதிர்ச்சியால் சரிசெய்த நாடி மறுபடியும் பிறழும் வாய்ப்பும் அதிகம். இந்த நாடிப் பிறழ்வினால் இதயத்தில் இரத்தக் கட்டி உருவாகி மூளைக்குப் போய்ப் பாரிசவாதம் வரக்கூடும் என்பதால், இரத்தம் உறையாதிருக்கக் கொடுக்கும் மாத்திரையை ஒரு நாளும் தவறவிடக் கூடாது.

தூக்கத்துலயே உசிரு போயிருச்சுன்னு சொல்றாங்களே, அதெல்லாம் இதுதானா?

எல்லாம் இதுவல்ல. தூக்கத்தில் நேரும் மரணத்துக்குப் பல காரணங்கள் உண்டு. இறந்துபோன உறவினரை நினைத்து, “கொறட்டையை விட்டுட்டோமே” என்று எவரும் தம்மைக் குற்றம் சாட்டிக்கொள்ள வேண்டாம்.

ஆனாலும் 2005ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினசோட்டாவிலிருந்து வெளியான ஓர் ஆய்வைச் சொல்லாமல் விட முடியாது. முன்பு தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, பின்னர் இதயக் காரணத்தால் திடீரென்று இறந்த 112 பேரை அது ஆராய்ந்தது. மூச்சுத்தடை இருந்தவர்களில் 46 சதவீதத்தினர் நள்ளிரவுக்கும் காலை 6 மணிக்கும் இடையில் இறந்திருந்தார்கள். மூச்சுத்தடை இல்லாதவர்களில் அந்த நேரத்தில் இறந்தவர்கள் 21 சதவீதத்தினர். பொதுவாக இத்தகைய மரணங்கள் காலையில் எழுந்தபின் உள்ள மணித்தியாலங்களில் கூடுதலாக நேர்பவை. இந்த நோயாளிகளிடம் அந்த உச்சம் தூக்க நேரத்துக்கு நகர்ந்துவிட்டிருந்தது.

நான் ஒல்லியான ஆளு, அதுவும் பொம்பளை. எனக்கு எப்பிடி வரும்?

உடற்பருமன் முக்கியமான காரணம், ஆனால் ஒரே காரணம் அல்ல. சிறிய, பின்தள்ளிய தாடை, பெரிய நாக்கு, வீங்கிய உள்நாக்குச் சதை, நாள்பட்ட மூக்கடைப்பு ஆகியவை ஒல்லியானவருக்கும் வழியை ஒடுக்கும். ஆசிய இனத்தவர்களுக்கு முகவெலும்பின் அமைப்பினால் குறைந்த எடையிலும் இது வருகிறது. நம்மவர்களுக்கு எடையைவிட இடுப்பளவு நல்ல வழிகாட்டி. ஆணுக்கு 90, பெண்ணுக்கு 80 சென்றிமீற்றரைத் தாண்டினால் கவனம் வேண்டும்.

பெண்களுக்கு மாதவிடாய் நின்றபின் இந்த நோய் வெகுவாகக் கூடுகிறது. பெண்களிடம் பெரும் குறட்டையாக இல்லாமல் தூக்கமின்மை, சோர்வு, மனச்சோர்வு, காலைத் தலைவலி என்று அது தோன்றுவதால் தவறவிடப்படுகிறது. நாள் முழுக்கக் கொழுந்து பறித்து, கூடை சுமந்து வந்தவர் அசதி என்றால், வேலைக் களைப்பு என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அவரும் அப்படியே நம்பிவிடுகிறார். ஞாயிற்றுக்கிழமை ஓய்ந்திருந்தும் தீராத அசதியாக இருந்தால் அதைத் தனியாகச் சொல்லுங்கள்.

நாங்க இருக்கிறது ஒசரமான எடம், குளிரு வேற. அதனால இது கூடுமா?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் கொழும்பில் உள்ளதில் ஐந்தில் நான்கு பங்குதான். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஒட்சிசனும் அந்த அளவுக்குக் குறைவு. சுவிற்சர்லாந்தில், தாழ்நிலத்தில் வாழும் தூக்க மூச்சுத்தடை நோயாளிகளை, நுவரெலியாவுக்கு ஏறக்குறைய ஒத்த 1,860 மீற்றர் உயரத்திலும் 2,590 மீற்றர் உயரத்திலும் தங்கவைத்துப் பார்த்தபோது, அவர்களுடைய மூச்சு நிறுத்தங்கள் கூடின, இரவு ஒட்சிசன் குறைந்தது.

இங்கேயே பிறந்து வாழ்கிறவரின் உடல் உயரத்துக்குப் பழகியிருப்பதால் அந்த முடிவை அவருக்கு அப்படியே பொருத்த முடியாது. கொழும்பில் வேலை செய்துவிட்டுத் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மேலே வரும் பிள்ளைகளில் இந்த நோய் உள்ளவர்கள்தான் இதை மனத்தில் வைக்க வேண்டும். சிகிச்சை இயந்திரம் இருந்தால் கையோடு கொண்டுவர வேண்டும். குளிரைப் பொறுத்தவரை, கதவு சன்னலை அடைத்துப் படுக்கும் வீட்டில் அடுப்புப் புகை தங்கி மூக்கை அடைப்பதே எனக்குப் பெரிய கவலை.

இத எப்பிடிக் கண்டுபிடிக்கிறது? வெரல்ல மாட்டுற மெஷின்ல 98 காட்டுது, அப்ப ஒண்ணும் இல்லதானே?

விழித்திருக்கும்போது தொண்டை திறந்தே இருக்கும். ஆகவே விரலில் மாட்டும் கருவி பகலில் ஒட்சிசன் 98 சதவீதம் என்று காட்டுவது இந்த நோய் இல்லை என்பதற்குச் சான்றாகாது. தூங்கும்போது இரவு முழுவதும் பதிவுசெய்ய வேண்டும். மூச்சு, ஒட்சிசன், நாடி, மூளையலை ஆகியவற்றைச் சேர்த்துப் பதிவுசெய்யும் தூக்கப் பரிசோதனையே முழுமையானது. சிறு கருவியை வீட்டுக்குக் கொண்டுபோய் மாட்டிக்கொண்டு தூங்கும் முறையும் உண்டு. மணிக்கு எத்தனை தடவை மூச்சு நின்றது அல்லது வெகுவாகக் குறைந்தது என்று கணக்கிடுவார்கள்: 5க்குக் கீழே இயல்பு, 5 முதல் 15 வரை இலேசானது, 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமையானது.

பரிசோதனைக்கு நகரத்துக்குப் போக வேண்டியிருந்தால் ஒரு நாள் சம்பளமும் பஸ் செலவும் போகும் என்பதை அறிவேன். அதனால்தான் முதலில் செலவில்லாத ஒன்றைச் செய்யச் சொல்கிறேன். அவர் தூங்கும்போது, மூச்சு அறுந்து திரும்புவது தெரியும்படி, கைத்தொலைபேசியில் சில நிமிடம் வீடியோ எடுங்கள். அதை வைத்தியரிடம் காட்டினால், அவசரமாக அனுப்ப வேண்டியவரா என்று அவர் தீர்மானிக்க மிகவும் உதவும்.

மெஷின் போட்டா இனி மாரடைப்பே வராதா?

அப்படி எவரும் உறுதி கூற முடியாது. ‘சீபாப்’ எனப்படும் இந்த இயந்திரம், முகமூடி வழியாகக் காற்றைத் தொடர்ச்சியான மெல்லிய அழுத்தத்தில் செலுத்தித் தொண்டை மூடாமல் தாங்கிப் பிடிக்கிறது; அது ஒட்சிசன் கொடுக்கும் இயந்திரம் அல்ல. 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் இதை அறிமுகப்படுத்தினார். குறட்டை, பகல் தூக்கம், அசதி ஆகியவற்றுக்கு இது தரும் பலன் தெளிவானது. இதயத்தைப் பொறுத்தவரை கதை அவ்வளவு நேரானதல்ல. ஏற்கெனவே இதய நோயோ பாரிசவாதமோ வந்த 2,717 பேரைக் கொண்டு நடந்து, 2016இல் வெளியான ‘சேவ்’ என்ற பெரிய ஆய்வில், இயந்திரம் கொடுக்கப்பட்டவர்களுக்கும் கொடுக்கப்படாதவர்களுக்கும் இடையில் புதிய மாரடைப்பு, பாரிசவாதம் போன்றவற்றில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை.

ஆனால் அந்த ஆய்வில் இயந்திரத்தைச் சராசரியாக ஓர் இரவுக்கு 3.3 மணித்தியாலமே போட்டிருந்தார்கள். பகலில் மிகக் கடுமையாகத் தூங்கி விழுபவர்கள் அதில் சேர்க்கப்படவும் இல்லை. ஆகவே நான் சொல்வது இதுதான்: போடுவதென்றால் இரவு முழுவதும் போட வேண்டும், பிரசர், சீனி, கொழுப்பு மாத்திரைகளையும் அதனோடு தொடர வேண்டும். முகமூடி கன்னத்தை வெட்டுகிறது, காற்று கசிகிறது என்று அலுமாரிக்குள் வைத்துவிடாமல், அளவு மாற்றித் தரும்படி கேளுங்கள்.

அந்த மெஷின் வாங்க எங்களுக்கு எங்க வசதி? வேற வழி இல்லையா?

இருக்கிறது. முதலாவது எடை. அமெரிக்காவின் விஸ்கொன்சினில் பல ஆண்டுகள் தொடர்ந்த ஆய்வில், எடை 10 சதவீதம் குறைந்தவர்களிடம் மூச்சு நிறுத்தங்கள் ஏறத்தாழ 26 சதவீதம் குறைந்தன. 10 சதவீதம் கூடியவர்களிடம் 32 சதவீதம் கூடின. 80 கிலோ உள்ளவர் 8 கிலோ குறைப்பது எளிதல்ல. ஆனாலும் ரொட்டியின் எண்ணிக்கையையும், ஒவ்வொரு தேநீரிலும் போடும் சீனியையும் குறைப்பதிலிருந்து அதைத் தொடங்கலாம்.

இரண்டாவது மதுசாரம். மாலையில் குடிக்கும் சாராயமோ கசிப்போ தொண்டைத் தசையை மேலும் தளர்த்தி, விழிக்கவைக்கும் மூளையையும் மந்தமாக்கி, நிறுத்தங்களை நீளச் செய்கிறது. வைத்தியர் அறியாமல் வாங்கிப் போடும் தூக்க மாத்திரைகளிலும் அதே ஆபத்து உண்டு. மூன்றாவது, மல்லாந்து படுக்காமல் ஒருக்களித்துப் படுப்பது. சட்டையின் முதுகுப்புறத்தில் ஒரு பந்தை வைத்துத் தைத்தால் தூக்கத்தில் மல்லாந்து புரள முடியாது. இலேசான, நடுத்தரமான நிலைகளில், கீழ்த்தாடையை முன்னே பிடித்துவைக்கும் பற்கருவியும் பலன் தரும். கடுமையான நிலையில் இவை மட்டும் போதாமல் போகலாம் என்பதால் மறுபரிசோதனை அவசியம்.

ராத்திரியில கரண்ட் போனா மெஷின் நின்னு மூச்சு முட்டிருமா?

முட்டாது. முகமூடியில் காற்று வெளியேறத் துவாரங்கள் உண்டு. மூக்கையும் வாயையும் மூடும் பெரிய முகமூடிகளில், இயந்திரம் நின்றால் வெளிக்காற்றுக்குத் தானாகத் திறக்கும் வால்வும் இருக்கிறது. இருந்தாலும் மின்சாரம் நின்றவுடன் முகமூடியைக் கழற்றிவிட்டு ஒருக்களித்துப் படுப்பது நல்லது.

அப்பாவுக்கு ஹார்ட் பலவீனம். அவருக்கு வாரது வேற வகை மூச்சுத்தடைன்னு டொக்டர் சொன்னாரு. ரெண்டும் ஒண்ணு இல்லையா?

ஒன்றல்ல. இதுவரை சொன்னது தொண்டை அடைபடுவதால் வருவது. மூச்சுக்கான முயற்சி அங்கே தொடர்கிறது. மற்ற வகையில் தொண்டை திறந்திருக்கும், மூளையிலிருந்து மூச்சுக்கான கட்டளைதான் சிறிது நேரம் வருவதில்லை, நெஞ்சும் அசையாது. பலவீனமான இதயம் உள்ளவர்களிடம், மூச்சு மெல்ல மெல்லப் பெருகி, பின் தேய்ந்து, நின்று, மறுபடி தொடங்கும் இந்த வகை வருவதுண்டு. இங்கே இதய நோய் காரணமாகவும் மூச்சு நிற்பது விளைவாகவும் இருக்கிறது. ஒரே ஆளிடம் இரண்டு வகையும் சேர்ந்தும் இருக்கலாம்.

பெயரில் ஒத்திருப்பதால் சிகிச்சையும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. இதயத்தின் தள்ளும் திறன் 45 சதவீதமோ அதற்குக் குறைவாகவோ இருந்து, இந்த இரண்டாம் வகை மேலோங்கியிருந்தவர்களுக்கு, மூச்சுக்கு ஏற்பத் தன் அழுத்தத்தை மாற்றிக்கொள்ளும் ஒரு சிறப்பு இயந்திரத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2015இல் வெளியானது. அதில் இதயக் காரணத்தால் இறந்தவர்கள் குறையவில்லை, கூடினார்கள். ஆகவே அயல்வீட்டுக்காரரின் இயந்திரத்தை இரவல் வாங்கி அப்பாவுக்கு மாட்டிவிடாதீர்கள்.

இவரு பஸ் ஓட்டுறாரு. சொன்னா வேலை போயிருமோன்னு பயமா இருக்கு.

அந்தப் பயம் நியாயமானது. ஆனால் கினிகத்தேனையிலிருந்து அட்டனுக்கு ஏறும் வளைவுகளில் மூன்று விநாடி கண் அயர்ந்தால் என்ன ஆகும் என்பதை அவரே அறிவார். சிகிச்சையை ஒழுங்காகத் தொடங்கினால் பகல் தூக்கம் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் தெளியும். தெளியும்வரை ஓட்டாமல் இருப்பதே பாதுகாப்பு. தேயிலைத் தொழிற்சாலையில் இரவு வேலை முடித்துப் பகலில் தூங்குகிறவர்கள், அந்தப் பகல் தூக்கத்திலும் இயந்திரத்தைப் போட வேண்டும்.

அடுத்த மாசம் ஹேர்னியா ஒபரேஷன். அங்க போயும் கொறட்டையப் பத்திச் சொல்லணுமா?

கட்டாயம் சொல்ல வேண்டும். முதலில் மயக்க மருந்து வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மயக்க மருந்தும், அதன்பின் கொடுக்கப்படும் மோர்பின் போன்ற வலிநிவாரணிகளும் தொண்டையைத் தளர்த்தி, முன்பு சொன்ன அந்தக் காப்பு விழிப்பையும் அடக்கிவிடுகின்றன. தெரிந்திருந்தால் மருந்தின் அளவை மாற்றி, முதல் இரவில் ஒட்சிசனைத் தொடர்ந்து கண்காணிக்க ஏற்பாடு செய்வார்கள். இயந்திரம் இருந்தால் மாற்றுத் துணியோடு அதையும் பையில் வையுங்கள். வார்டில் சேரும்போது தாதியிடம் ஒரு தடவை சொல்லி, கட்டில் அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.